நொச்சிக்குப்பத்தில் ஓர் அம்பாசிடர்

மெரினா கலங்கரை விளக்கத்தைத் தாண்டி லூப் ரோட்டில் தெற்கே போனால், நொச்சிக்குப்பத்தை முதலில் கண்டுபிடிப்பது உங்கள் மூக்குதான். கண்ணுக்கு இரண்டாம் இடம். இடது பக்கம் கடல், மணலில் வரிசையாக பைபர் படகுகள், காயப்போட்ட வலை. வலது பக்கம் அடுக்குமாடி வீடுகள். ரோட்டோரம் விற்ற வஞ்சிரமும் சங்கராவும் போய் உட்கார 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி ஒன்றும் திறந்தாகிவிட்டது. பேரம் மட்டும் நவீனமாகவில்லை, அதே பழைய சத்தம்தான்!

இந்த ஊரில் இரும்புக்கு ஆயுள் ரேகை ரொம்பக் குட்டை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பு, பீரோ கால், எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "கடக்காத்து சார்!" காற்றில் வரும் உப்பு, கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றின் மேலும் படிகிறது. உப்புக்கு ஒரு குணம், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே பெய்யாத மாதத்திலும் இங்கே தகரம் ராத்திரி பூராவும் நனைந்துதான் கிடக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் 1971-ம் வருஷத்து அம்பாசிடர் வைத்திருக்கிறார் என்றால் அவருக்குத் துணிச்சல் அதிகம் அல்லது பாசம் அதிகம். என் ஆபீஸ் நண்பனின் அப்பாவுக்கு இரண்டும். டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டி, இந்த ஒரு வண்டியால் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். எண்பதைத் தொட்டுவிட்டார், ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். வண்டி நிற்கும். அவர் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்.

பிரச்னை முன் கண்ணாடியில் ஆரம்பித்தது. மழை வந்தால் டாஷ்போர்டுக்குக் கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "நைனா உள்ளே உட்கார்ந்திருக்கும்போது குடை பிடிக்கணும்டா!" என்றான் நண்பன். தீபாவளி போனஸ் வந்த வேகத்தில் ஒரு திட்டமும் போட்டான். முன்னும் பின்னும் பழைய கண்ணாடிகளைத் தூக்கிவிட்டு, புது கார்களில் இருக்கிற மாதிரி ஃப்ளஷ் கண்ணாடி போடுவது!

ஃப்ளஷ் என்றதும் பாத்ரூமை நினைத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடியும் பாடியும் ஒரே மட்டத்தில், கையால் தடவினால் மேடு பள்ளம் தட்டாமல் இருப்பதற்குப் பெயர் அது. 1982-ல் ஜெர்மனியில் ஆடி 100 என்ற கார் வந்தது. கண்ணாடிகளை இப்படிப் பாடியோடு சமமாக உட்கார வைத்ததும் ஒரு காரணமாக, காற்றைக் கிழித்துப் போவதில் அது பெயர் வாங்கியது. காற்றுத் தடை எண் 0.30. அந்தக் காலத்தில் குடும்பக் காருக்கு அது பெரிய விஷயம். நம் ஊரில் 2001-ல் வால்வோ பஸ் வந்தபோது, பக்கவாட்டில் பளிங்குச் சுவர் மாதிரி ஒட்டிய கண்ணாடியை வாயைப் பிளந்து பார்த்தோமே, அதுவும் இந்த ஜாதிதான்.

நானும் நண்பனும் புதுப்பேட்டைக்குப் போனோம். புதுப்பேட்டை தெரியும்தானே? அப்பா, அம்மா தவிர வண்டிக்கு வேண்டிய எல்லாம் பழசாகக் கிடைக்கும் இடம். அங்கே ஒரு கண்ணாடி மேஸ்திரி. வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு எங்களுக்குப் பாடமே எடுத்துவிட்டார்.

"அம்பாசிடர்ல கண்ணாடி தகரத்தைத் தொடவே தொடாது தம்பி. நடுவுல ரப்பர் பீடிங். அது ஒரு பக்கம் தகரத்தைக் கவ்வும், இன்னொரு பக்கம் கண்ணாடியைக் கவ்வும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல புருஷன் மாதிரி!"

அதை மாட்டும் விதமும் அழகுதான். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் நூல் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, சட்டத்தில் வைப்பார்கள். வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் தட்ட, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுக்க, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பசை கிடையாது. வேண்டும்போது கழற்றலாம்.

ஃப்ளஷ் கண்ணாடி அப்படியில்லை. அது ஒட்டுவது. யூரித்தேன் என்ற கறுப்புப் பசையைச் சட்டத்தைச் சுற்றி முக்கோண வடிவில் ஒரே கோடாக விட்டு, சில நிமிஷங்களுக்குள் கண்ணாடியை வைத்து அழுத்த வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் இல்லை, வெயில் பட்டுப் பசை கெட்டுப்போகாமல் இருப்பதற்கும்தான். பசை, காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். (அந்த விஷயத்தில் நம்ம சென்னைக்குக் குறையே இல்லை!) இறுகும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. பசையைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பிறகு எடுக்க வேண்டுமென்றால் கம்பி விட்டு அறுக்க வேண்டியதுதான்.

"அப்ப ஒட்டிடலாமே?" என்றான் நண்பன்.

மேஸ்திரி சிரித்தார். "எங்க ஒட்டுவ?"

அங்கேதான் விஷயம். ரப்பருக்கான கண்ணாடி, அந்தச் சட்டத்தின் வாயைவிடச் சிறியது. ஒட்டும் கண்ணாடியோ சட்டத்தின் மேல் படிய வேண்டும், ஆகையால் அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். படிந்தபின் மட்டமாக இருக்க வேண்டுமென்றால், கண்ணாடியின் கனமும் பசையின் கனமும் சேர்ந்த அளவுக்குத் தகரம் உள்ளே பள்ளமாக இறங்கியிருக்க வேண்டும். அம்பாசிடரின் சட்டம் அப்படி இல்லை. எனவே சுற்றிலும் வெட்டி, படி மாதிரி புதுத் தகரம் வெல்டிங் செய்ய வேண்டும்.

கண்ணாடியும் லேசில் கிடைக்காது. டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டவே முடியாது, வெட்ட நினைத்தாலே பொடிப்பொடியாகிவிடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லாமினேட்டட் கண்ணாடியை வெட்டலாம். ஆனால் வளைவு வேண்டுமானால் அதற்கென்று அச்சு செய்து வளைக்க வேண்டும். கதவுக் கண்ணாடி இன்னும் மோசம். அது ஏறி இறங்க வேண்டுமே! ஆடிக்காரர்கள் அதற்காகவே கண்ணாடியில் முளை வைத்து, தனிப் பள்ளத்தில் ஓட விட்டார்கள். புதுப்பேட்டை மரத்தடியில் அதெல்லாம் நடக்காது.

"நடக்காதுன்னு இல்ல. நடத்திடலாம். செலவு மட்டும் வண்டி விலையைத் தாண்டும்" என்றார் மேஸ்திரி. நண்பன் அசரவில்லை. "அடுத்த போனஸ்லயும் கொஞ்சம் சேர்த்துக்கறேன்" என்றான். பாசத்துக்குக் கணக்குத் தெரியாது.

நொச்சிக்குப்பம் திரும்பினோம். மணலில் ஒரு அண்ணன், கவிழ்த்துப் போட்ட படகுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கரையில் ஒரு காலத்தில் கட்டுமரங்கள்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் பைபர் படகுகள். மரத்தை இழைத்த கைகள் இப்போது பைபர் மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டுகின்றன. ஒட்டும் சமாசாரத்தில் இவரைவிடப் பெரிய எக்ஸ்பர்ட் யார்? திட்டத்தை அவரிடம் சொன்னோம். வேலையை நிறுத்தாமலே பேசினார்.

"ஒட்றது இன்னா சார், அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு முன்னால தேய்க்கிறதுதான் அரை நாளு. நல்ல தண்ணில கழுவணும், வெயில்ல காய வெக்கணும், மறுபடி தேய்க்கணும். அப்பால தான் ரெசினு. உப்பு மேல எதுவும் ஒட்டாது சார். ஒட்டின மாதிரி நடிக்கும். கடலுக்குள்ள போனப்புறம் தான் உண்மையைச் சொல்லும்!"

தேய்க்கும் காகிதத்துக்குத் தமிழில் உப்புத்தாள் என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. உப்பை எடுக்கவே உப்புத்தாள்!

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்கு வந்தார். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் ரப்பரை விரலால் லேசாகத் தூக்கினார். உள்ளே இருட்டு. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினார். ஊதுபத்தி உருளைக்கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே தகரம் பக்கோடா.

"கண்ணாடி இன்னா பாவம் பண்ணுச்சு? சட்டம் அழுகிப்போச்சு நைனா" என்றார் பெரியவரிடம்.

நண்பனின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒழுகியது கண்ணாடி வழியாக இல்லை, கண்ணாடிக்கு அடியில் வருஷக்கணக்காகத் தேங்கிய உப்புத் தண்ணீர் தின்றுபோட்ட ஓட்டை வழியாக. பழைய ரப்பர் இறுகிச் சுருங்கும்போது இடைவெளி விடும். அதில் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மூலையில் தங்கும். இரும்பு துருவாக மாறும்போது பருத்துப் புடைக்கும், பெயின்ட்டைத் தூக்கும், ரப்பரை இன்னும் தள்ளும், இன்னும் தண்ணீர் போகும். வட்டிக்கு வட்டி!

இந்தச் சட்டத்தின் மேல் எந்த ஊர் உயர்ந்த பசையைப் போட்டு ஒட்டினாலும், பசை துருவைத்தான் பிடித்துக்கொள்ளும். துரு எதையும் பிடித்துக்கொள்ளாது. ஒரு சடன் பிரேக்கில் கண்ணாடி தனியாகப் பயணம் போகலாம். புதுக் காரில் ஒட்டிய கண்ணாடி பாடியின் பலத்திலேயே ஒரு பங்கைத் தாங்குகிறது என்பதும் மெக்கானிக்குகள் அறிந்த விஷயம். அதற்கென்று கட்டிய சட்டம் அது. இது வேறு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்காக விதியைத் திருத்தியது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்தில் இருந்தால், 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று இரண்டெழுத்துப் பட்டம். (அந்தப் பட்டத்தோடு தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது, கண்காட்சி, ராலி என்று விசேஷங்களுக்குத்தான்.) சட்டத்தை வெட்டிப் படி வைத்தால் அந்தப் பட்டத்துக்கும் ஆபத்து. தவிர, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவே தடுக்கிறது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், டிரைவர் சீட்டிலிருந்தே சொன்னார்: "எனக்குக் கண் ஆபரேஷன் பண்ணின டாக்டர் லென்ஸைத்தான் மாத்தினாரு. மண்டையை மாத்தலையே தம்பி!"

அப்பீல் இல்லாத தீர்ப்பு. நண்பன் வாயை மூடிக்கொண்டான்.

வேலை எட்டு நாள் நடந்தது. கண்ணாடிகளை இறக்கி, டிங்கர் அழுகிய மூலைகளை வெட்டி எடுத்து, அதே அளவில் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தார். நல்ல தண்ணீரில் கழுவல். உப்புத்தாள். மறுபடி கழுவல். வெள்ளித் தட்டு மாதிரி தகரம் மின்னிய பிறகு எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயின்ட், ரப்பருக்குள் ஒளிந்துகொள்ளும் விளிம்பு வரைக்கும். அது காய்ந்த பிறகு புது பீடிங், முன்னால் லாமினேட்டட் கண்ணாடி, சோப்புத் தண்ணீர், நூல் கயிறு. உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தது நண்பன். வெளியே தட்டியது படகு அண்ணன். ஃப்ளஷ் கண்ணாடிக்கு வைத்திருந்த பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. அடுத்த மழையில் டாஷ்போர்டுக்குக் கீழே வைத்த பழைய நியூஸ் பேப்பர், மொறுமொறுப்பு குறையாமல் அப்படியே இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி நிற்கலாம். அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, நம்ம சென்னையிலேயே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டோ. கடலோரம் குடியிருப்பவர்களுக்கு நாலு வார்த்தை.

மழை விட்டதும் கால் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் மேலே எங்கோ ஓட்டை. பீடிங் ஓரம் பெயின்ட் கொப்புளித்திருந்தால், அது பரு இல்லை, உள்ளே புற்று. ஒழுகுகிறது என்று சிலிகான் டியூப் வாங்கிப் பிதுக்காதீர்கள். வினிகர் வாசனை அடிக்கும் ரகம் அமிலத்தைக் கக்கி இரும்பை இன்னும் வேகமாகத் தின்னும். பின்னால் நல்ல பசை போட நினைத்தாலும், சிலிகான் தடவிய இடத்தில் அது ஒட்டாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் மூலை முடுக்கெல்லாம் கழுவி, கண்டிப்பாகக் காய விடுங்கள்.

ஃப்ளஷ் கண்ணாடி ஆசை இருந்தால் தாராளமாகப் போடுங்கள், அதற்கென்றே சட்டம் இருக்கிற வண்டியில். பழைய வண்டியென்றால் கடைக்காரரிடம் கண்ணாடி விலையைக் கேட்பதற்கு முன்னால், ரப்பரைத் தூக்கிச் சட்டத்தை ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் விலை முப்பது ரூபாய்தான் சார். அது சொல்லும் உண்மைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது!