குடிமராமத்து: மண்வெட்டி யார் கையில்?

கண்மாய் தூர்ந்து கிடக்கும் ஊர்ப்பக்கம் போய்ப் பேச்சுக் கொடுத்தால், அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு தூர் வாரக் கிளம்பிய குடிமராமத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். எந்தக் காலம் என்பதுதான் என் கேள்வி.

தேடல் முதலில் உத்திரமேரூரில் போய் நின்றது. முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் தேர்ந்து 360 நாள் பொறுப்பில் வைக்கச் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உள்ளவர்களே அந்தக் குடத்துக்குள் பெயர் போட முடியும். அவர்களா மண் வெட்டியிருப்பார்கள்? வேறு சில கல்வெட்டுகளில் தூர் வாரும் செலவுக்கென்றே பொன்னும் நெல்லும் நிலமும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஓடத்தில் மண் அள்ளியவர்களுக்குக் கூலி உண்டு. ஆக, சோழர் காலத்திலேயே அது வெறும் தானமாகச் செய்த வேலை இல்லை; கணக்கு எழுதி நடந்த ஏற்பாடு.

அடுத்து கிடைத்தது ஒரு சட்டம். சென்னை மாகாணத்துக்காக 1858இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம். வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்துக்கு வராதவரிடம், அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு வசூலிக்கலாம் என்றது. மனமுவந்து செய்யும் உதவிக்கு அபராதம் எதற்கு?

மானிடவியலாளர் டேவிட் மாஸ், ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பதில் வைக்கிறார். தொன்றுதொட்ட கிராம மரபு என்று நாம் நினைக்கும் குடிமராமத்தில், செலவைக் குடிகள் தலையில் கட்டப் பார்த்த ஆங்கிலேய நிர்வாகத்தின் கற்பனையும் கலந்திருக்கிறது என்கிறார். எனக்கு இது பெருமளவு சரியாகவே படுகிறது.

அதற்காக ஊர் சேர்ந்து உழைத்ததே பொய் என்று தள்ளிவிட முடியாது. மடையைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் களத்திலேயே நெல் அளந்தார்கள். பல ஊர்களில் அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் தலித் குடும்பத்தினர். ஊர் ஒற்றுமை என்று சிலாகிக்கும்போது இந்தப் பகுதியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறோம். தூர் வாரியவருக்கும் ஆதாயம் இருந்தது: கண்மாயின் வண்டலும் கரம்பையும் வண்டி வண்டியாக வயலுக்குப் போய் உரமாயின. மாட்டுவண்டியும் எருவும் போய் யூரியா வந்தது; பம்புசெட்டு வந்தது. கிணற்றுத் தண்ணீர் கைக்கு வந்தவருக்குக் கண்மாய்க் கரையில் வேலை இல்லாமல் போனது.

2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்தைத் திட்டமாக மீண்டும் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும். உழைப்பு என்ற சொல் காகிதத்தில் இருந்தது. கண்மாய்க்குள் இறங்கியவை பெரும்பாலும் பொக்லைன்கள்.

வண்டலின் கதை இன்னும் முடியவில்லை. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் நீர்நிலைகளில் இலவசமாக வண்டல் எடுக்க, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் அரசு விதியைத் தளர்த்தியது. முன்பு ஊர்க்கூட்டத்தில் முடிந்த காரியத்துக்கு இப்போது வட்டாட்சியரிடம் அனுமதி கேட்கவேண்டும்.