வீடு பார்க்க வருகிறார்கள்

"பத்தே நிமிஷம், தம்பி. வந்து சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்" என்று எங்கள் வீட்டுக்காரர் டெலிபோனில் சொன்னார். 2019-ஆம் வருஷம் ஜூன் மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. "எப்போது வருகிறார்கள், ஸார்?" என்றேன். "தெருமுனையில்தான் நிற்கிறார்கள்" என்றார். "அதற்கென்ன, வரட்டுமே!" என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லி வைத்தேன். அந்த வார்த்தைக்காக என் மனைவி என்னை இன்னும் முழுசாக மன்னித்தபாடில்லை.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, ரயில் போகும் போதெல்லாம் லேசாக நடுங்குகிற ஒரு ஜன்னல். வீட்டுக்காரர் தாம்பரத்துக்கு அப்பால் மகனோடு இருந்தார். நல்ல மனுஷர். நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் வாடகையை உயர்த்தினார். அவருக்கு ஏதோ பணமுடை, வீட்டை விற்றுவிட நினைத்தார். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? வீடு அவருடையது. உள்ளே இருந்த அடுப்பும் தூளியும்தான் எங்களுடையவை.

தூளி என்றேன் அல்லவா? சங்கடமே அங்கேதான். சின்னவனுக்கு அப்போது எட்டு மாதம். கூடத்துக்கு நட்ட நடுவில், உத்தரத்துக் கொக்கியில், என் மனைவியின் பழைய நூல் புடவை தூளியாகத் தொங்கும். வருகிறவர்கள் கொடிமரத்தைப் பிரதட்சிணம் செய்வது போல அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போயாக வேண்டும். ஒரு பெரியவர் தூளிக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. கொக்கியை அண்ணாந்து பார்த்து, "பழைய காலத்து இரும்பு! அசையாது!" என்று பலமாக மெச்சிக்கொண்டார். பையன் விழித்துக்கொண்டான். அப்புறம் அங்கே வீட்டைப் பார்க்கத்தான் முடிந்ததே தவிர, விலையைப் பற்றிப் பேச முடியவில்லை.

டெலிபோன் மணி அடித்ததும் எங்கள் வீட்டில் ஒரு சிறு யுத்த ஆயத்தம் நடக்கும். கொடியில் காயும் குழந்தைத் துணிகள், கஞ்சிக் கிண்ணம், சொப்பு, பாதி மடித்த போர்வை எல்லாம் ஒரே வாரலாகச் சுவர் அலமாரிக்குள் போகும். கதவை முழங்காலால் அழுத்திச் சாத்துவது என் பொறுப்பு. இப்படி மூன்று வாரம் நடந்தது. நாலாவது வாரம் வந்த ஒருவர் அலமாரியின் ஆழத்தைப் பார்க்க விரும்பினார். நான் குறுக்கே போவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். எல்லாம் அவர் காலில் விழுந்தன. மனுஷர் அசரவில்லை. "ஆழம் போதும்" என்றார்.

ஒளிக்க முடியாதவை தண்ணீர்க் குடங்கள்தாம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோன வருஷம் அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் கிணற்றில் வாளி தரையில் தட்டியது. லாரித் தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் காத்திருப்போம். வீடு பார்க்க வந்தவர்கள் தரகர் மொட்டை மாடிக்குப் போகும் சமயம் பார்த்து என்னை ஒரு பக்கமாக அழைத்துப்போய், "உண்மையைச் சொல்லுங்க, தண்ணி எப்படி?" என்று கேட்பார்கள். உள்ளதைச் சொன்னால், வீட்டைக் காலி செய்யாமல் இருக்கத்தான் விற்பனையைக் கெடுக்கிறேன் என்று ஆகும். இல்லாததைச் சொல்ல நாக்கு வராது. "ஊருக்கெல்லாம் எப்படியோ அப்படித்தான்" என்று சொல்லிப் பழகினேன். அரசியலில் இறங்கியிருக்கலாம்.

எங்களுக்குத் துணையாக இருந்தது ராகு காலம் ஒன்றுதான். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வீடு வாங்குகிறவர்களுக்கு இருந்ததே! சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரையிலும், ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரையிலும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அந்த நேரத்தில்தான் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவோம். நாங்களும் காலை நீட்டி உட்காருவோம். வாஸ்து பார்ப்பவர்களும் எங்கள் பக்கம்தான். ஈசானிய மூலையில் கழிப்பறை இருக்கிறதென்று இரண்டு குடும்பங்கள் படியேறிய வேகத்திலேயே இறங்கிப் போயின. அந்தக் கழிப்பறையின் மீது எனக்கு ஒரு பிரியமே உண்டாகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் சட்டம் படிக்க ஆரம்பித்தேன். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், புதுச் சட்டம் அந்த வருஷம் பிப்ரவரி 22-ஆம் தேதிதான் அமலுக்கு வந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் உள்ளே வர வேண்டுமானால், 24 மணி நேரத்துக்கு முன்பே, காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எனக்கு வீரம் வந்துவிட்டது. குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, வீட்டுக்காரரிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். என் கதாபாத்திரங்களில் ஒருவரும் அவ்வளவு அழகாகப் பேசியதில்லை. டெலிபோன் மணி அடிக்கும். "வரட்டுமே, ஸார்" என்பேன்.

பெரியவளுக்கு ஐந்தரை வயது. சமையலறை வாசலை ஒட்டிய சுவரில் அவள் கிரேயானால் ஒரு ரயில் வரைந்திருந்தாள். எட்டுப் பெட்டி. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். அதில் இரண்டாவது பெட்டியில் மீசையோடு இருப்பவன் நான். ஒரு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டவனும் நானே. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வழக்கமான பத்து நிமிஷ டெலிபோன் வந்த பிறகு, அந்தச் சுவரை முதல் தடவையாக வீடு வாங்க வருகிறவனின் கண்ணால் பார்த்தேன். "சுவரை இப்படியா பாழாக்கி வைப்பாய்?" என்று சத்தம் போட்டேன். ஈரத்துணியைக் கையில் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் துடைத்தாள். மெழுகு வண்ணம் தண்ணீருக்குப் போகுமா? ரயில் போய், நீளமாக ஓர் அழுக்குக் கறை உண்டாயிற்று. வந்தவர்கள் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. "இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் பெரிசாயிடும்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். "இவங்க எப்ப காலி பண்றாங்க?" என்று இன்னொருவர் தரகரைக் கேட்டார்.

அன்று ராத்திரி என் மனைவி பள்ளிக்கூடப் பையைத் திறந்தாள். புத்தகங்களுக்குப் பதிலாக உள்ளே ஒரு கவுன், பல் துலக்கும் பிரஷ், ஒற்றைக் கை பொம்மை, தம்பியின் கிலுகிலுப்பை எல்லாம் இருந்தன. "எதற்கடி இதெல்லாம்?" என்று கேட்டாள். "அவங்க வீட்டை வாங்கிட்டா நாம போகணுமில்லே? பத்து நிமிஷம்தானே குடுப்பாங்க?" என்றது குழந்தை.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டெலிபோனை எடுத்தாள்.

"அப்பா, நான்தான் பேசறேன்" என்று வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தாள். அவரை அப்பா என்று அவள் கூப்பிடுவது எனக்கு அன்றுதான் தெரியும். சட்டம் என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. "யார் வந்தாலும் முதல் நாளே சொல்லிடுங்க. சாயங்காலம் நாலு மணியிலேருந்து ஆறு மணிக்குள்ளே வரட்டும். சின்னவன் தூங்கினா கூடத்தை மட்டும் கடைசியிலே காட்டறேன். எப்ப காலி பண்றாங்கன்னு குழந்தை முன்னாடி யாரும் கேட்கக் கூடாது" என்றாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர், "இதை முதல்லேயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? தம்பி வரட்டும், வரட்டும்னுதானே சொன்னார்?" என்று கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமையில் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி ராகு காலம் என்பதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருந்தாள்.

அப்புறம் ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள். ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினோம். பெரியவள் பையிலிருந்து பொம்மையை எடுத்துவிட்டாள். பல் பிரஷ்ஷை எடுக்கவில்லை. ஆவணியில் வீடு முடிந்துவிட்டது. வாங்கினவர் தாமே குடிவரப் போவதாகச் சொல்லி, இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார். பழைய வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸைப் பைசா பாக்கியில்லாமல் திருப்பித் தந்தார். குழந்தைகளுக்கு ஒரு டப்பா பிஸ்கட்டும் வாங்கி வந்தார்.

நான் வீடு பார்க்கக் கிளம்பினேன். மந்தைவெளியில் ஒரு வீடு. பகல் இரண்டு மணி இருக்கும். தரகர் முன்னே போனார். ஓர் அம்மாள் கதவைத் திறந்தாள். தலைமுடியை அப்போதுதான் அள்ளி முடிந்திருந்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. தரகர் விளக்கைப் போட்டார். நான் கூடத்தின் நீள அகலத்தைப் பார்த்தேன். மேலே காரையைப் பார்த்தேன். "தண்ணி எப்படி?" என்று கேட்டேன். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் தயங்கி, "எல்லா இடத்திலேயும் எப்படியோ அப்படித்தாங்க" என்றாள். அப்போதுதான் பாயைப் பார்த்தேன். பாயில் ஒரு சின்னப் பெண் விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"வருகிறோம் என்று இவர்களுக்குச் சொன்னீர்களா?" என்று தரகரைக் கேட்டேன்.

"வாசல்லே நின்னு போன் பண்ணேனே, ஸார்!"

விளக்கை நானே அணைத்தேன். நாளைக்கு வருகிறேன், எத்தனை மணிக்கு வந்தால் சௌகரியம் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. தரகர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், "சமையலறை எப்படி?" என்றாள் என் மனைவி.

"பார்க்கவில்லை."

"அப்புறம் எதுக்குப் போனீங்க?" என்றாள்.