பொல்கா எந்நாட்டு நடனம்?

ஐரோப்பாவின் நடுவே, இன்றைய செக் குடியரசிலே, பொகீமியா என்னும் பகுதி உள்ளது. அதனூடே லாபே ஆறு ஓடுகின்றது. யேர்மனியர் எல்பே என அழைப்பதும் அவ்வாற்றையே. அதன் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றிலேதான் பொல்கா நடனம் பிறந்தது என்பது செக் மக்களின் நம்பிக்கை. ஆணும் பெண்ணும் இணைந்து, மூன்று விரைவான அடி வைத்துத் துள்ளிச் சுழன்றாடும் நடனம் அது.

1830-களில், பண்ணையாளர் ஒருவர் வீட்டிற் பணிபுரிந்த அன்னா என்னும் பெண் மனம்போனவாறு பாடித் துள்ளியாடினாள் என்றும், அதனைக் கண்ட ஆசிரியர் யோசெப் நெரூடா அவ்விசையைக் குறித்துக்கொண்டார் என்றும் கதை கூறும். அவ்வூர் எது? கொசுத்தெலெத்சு என்பர் சிலர். தினித்சே என்பர் வேறு சிலர்.

பெயரோ வேறொரு வழக்கைத் தொடுக்கின்றது. 'பொல்கா' என்னுஞ் சொல்லுக்குச் செக் மொழியிலும் போலந்து மொழியிலும் 'போலந்துப் பெண்' என்பதே பொருள். ஆகவே இது போலந்து நடனமே என்று வாதிப்போர், அந்நாட்டுக் கிராக்கோவியாக் நடனமும் இதுபோல இரட்டைத் தாளத்தில் அமைந்திருத்தலைச் சான்று காட்டுவர். செக் தரப்பினர் சிலரோ, 'பாதி' எனப் பொருள்படும் 'பூல்கா' என்னுஞ் சொல்லே இவ்வாறு திரிந்தது என்பர்.

மூன்றாவது விளக்கமும் உண்டு. 1830 நவம்பரில் உருசியப் பேரரசை எதிர்த்துப் போலந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டிலே தோல்வியுற்றனர். ஒசுத்திரிய ஆட்சிக்குட்பட்டிருந்த செக் மக்கள் அவர்பால் இரக்கங்கொண்டு, தம் நடனத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர் என்பது அது.

தமக்கென அரசில்லாத அவ்விரு மக்களுக்கும் மொழியும் பாட்டும் ஆட்டமுமே தாம் தனியினம் என்பதற்குச் சான்றாயிருந்தன. எனவே இவ்வழக்கு வெறும் பொழுதுபோக்கன்று. 1840-களிற் பாரிசு, இலண்டன் மாநகரங்களைப் பொல்கா ஆட்கொண்டது. 1866 இல் அரங்கேறிய 'விற்கப்பட்ட மணமகள்' என்னும் இசைநாடகத்திலே, செக் இசைமேதை சிமெத்தனா கிராமத்தவரைப் பொல்கா ஆடவைத்தார். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்தோர் அதனை அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றனர். விசுக்கொன்சின் மாநிலம் அதனைத் தன் மாநில நடனமாக ஏற்றது.

ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் பொல்காவின் பிறப்பிடம் பொகீமியாவே என்பர். ஆயினும் மூன்றாவது விளக்கம் மெய்யாயின், அப்பெயர் திருடப்பட்டதுமன்று, தவறியதுமன்று. தளைப்பட்ட ஓரினம் தளைப்பட்ட மற்றோரினத்துக்குச் செய்த மரியாதையாகும்.