பரணும் ஐராவதமும்

தினைப்புனக் காவலுக்கென அமைக்கும் பரணைச் சங்க இலக்கியம் 'இதணம்' என்று சொல்லும். வகுப்பில் இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் என் மனத்தில் குறிஞ்சி நிலம் எழுவதில்லை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே, மழையை நம்பியும் நம்பாமலும் கிடக்கும் எங்கள் கரிசற்காட்டின் சோளப் பரண்தான் எழுகிறது. நான்கு கருவேலங்கால்கள், மேலே பனைமட்டைப் பரப்பு, குருவி விரட்ட ஒரு தகர டின். அதன்மேல் உட்கார்ந்துதான் 1999 சனவரியில், இன்றளவும் நான் நாணும் ஒரு கட்டுரையை எழுதினேன்.

அப்போது இளங்கலை மாணவன். பொங்கல் விடுப்பில் ஊர் வந்திருந்தேன். சனவரி 11 மாலை அரக்கோணம் அருகே ஒரு விமானம் விழுந்து, அறிவியலாளரும் விமானப்படையினருமாக எட்டுப் பேர் இறந்த செய்தியை நாளிதழில் வாசித்தேன். பழைய ஆவ்ரோ விமானம். அதன் முதுகில் ஒரு பெரிய வட்டத் தட்டு. படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் நடத்திய கையெழுத்து இதழுக்காக 'ஆட்டுக்கல் சுமந்த ஆகாய விமானம்' என்று தலைப்பிட்டு, ஏழை நாட்டுக்கு இந்த வேடிக்கை எதற்கு என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். பத்தொன்பது வயதில் கிண்டலே அறிவு என்று தோன்றும்.

தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ஏய்யா, மேல எத்தன பேரு இருந்தாக?" என்றார். எட்டுப் பேர் என்றேன். தலைத்துண்டை எடுத்து உதறியவர், வேறொன்றும் பேசாமல் வரப்பில் இறங்கிப் போனார். பனையேறிகள் விழுந்து இறந்த வீடுகள் எங்கள் பக்கம் பல உண்டு.

அந்தத் தட்டு எதற்கு என்பதை மிகப் பின்னரே கற்றேன். கற்பிக்க அந்தப் பரணே போதுமாயிருந்தது என்பதுதான் வேடிக்கை. சமவெளியில் ஆளுயரத்தில் நிற்பவனுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. இருபது மீட்டர்ப் பனையின் உச்சியில் இருப்பவனுக்குப் பதினாறு கிலோமீட்டர். பூமியின் வளைவு மறைப்பதைத் தரையில் நிற்கும் ரேடாரும் காண இயலாது. தாழப் பறந்து வரும் பகை விமானம் அந்த மறைவில்தான் ஒளிந்து வரும். ரேடாரையே ஒன்பது கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் பார்வை முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அங்கிருந்தபடியே நம் விமானங்களுக்கு வழிகாட்டவும் முடியும். காவலும் கட்டளையும் ஒரே பரணில்.

அந்த முயற்சிக்கு 'ஐராவதம்' என்ற பெயரும் வழங்கியது. 1991 இல் பெங்களூரில் இதற்கெனவே ஒரு ஆய்வு மையம் உருவானது. அன்றைய சோதனை முடிந்து அரக்கோணம் தளத்தை நெருங்கியபோது தட்டு பிய்ந்து போக, விமானம் நிலைகுலைந்து வீழ்ந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் அப்போதிருந்தவர் எங்கள் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான அப்துல் கலாம். இறந்தோர் குடும்பங்களைக் காணச் சென்றபோது ஓர் இளம்பெண் தன் கைக்குழந்தையை அவரிடம் நீட்டி, இதை இனி யார் பார்ப்பார் என்று கேட்டதைப் பின்னாளில் அவர் எழுதியிருக்கிறார். அதை வாசித்த இரவில் எனக்கு என் கட்டுரையும் தாத்தாவின் கேள்வியும் ஒருசேர நினைவுக்கு வந்தன.

விபத்தோடு அத்திட்டம் நின்றது. அதே ஆண்டு மே மாதம் கார்கில் போர் மூண்டபோது நம் வானத்தில் அப்படியொரு கண் இல்லை. 2004 இல் இஸ்ரேலிய ரேடாரை ரஷ்ய விமானத்தில் பொருத்தி வாங்க ஒப்பந்தமாயிற்று. முதலாவது 2009 இல் வந்தது. அதே 2004 இல் உள்நாட்டு முயற்சிக்கும் மீண்டும் உயிர் வந்தது. இம்முறை பிரேசிலின் எம்ப்ரேயர் ஜெட். சுழலும் தட்டுக்குப் பதிலாக முதுகின்மேல் நீளவாக்கில் அசையாத ஓர் ஆன்டெனா. 2017 பிப்ரவரியில் 'நேத்ரா' என்ற பெயரில் விமானப்படையிடம் அது ஒப்படைக்கப்பட்டது. சுற்றிலும் 360 பாகைக்குப் பதில் 240 பாகைதான் பார்க்கும் என்ற குறையைச் சிலர் சொல்வதுண்டு. பார்க்காத பாகைகளைப் பற்றிப் பேச எனக்கு இப்போது துணிவில்லை. ஏர்பஸ் ஏ-321 விமானங்களைக் கொண்டு அடுத்த தலைமுறையை உருவாக்க 2021 இல் ஒப்புதல் கிடைத்தது.

போர்க்கருவிகளை வியந்து பாடுபவன் அல்லன் நான். இந்தப் பணத்தில் எத்தனை கண்மாய்களைத் தூர்வாரலாம் என்ற கணக்கு, வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு எளிதில் மறையாது. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நான் நாணவில்லை. இறந்தவர் வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கேட்டேனே, அதற்காகத்தான். 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலின்போது நேத்ராவும் வானில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஓய்வறையில் சக ஆசிரியர்கள் பெருமையோடு பேசினார்கள். அரக்கோணம் என்றேன். அங்கே என்ன என்று கேட்டார்கள்.

கையெழுத்து இதழுக்குப் படி கிடையாது, ஒன்றே ஒன்றுதான். அது என்னிடம் இருக்கிறது. ஆட்டுக்கல் படத்தையும் நான்தான் வரைந்திருக்கிறேன். கிழித்துவிட இருமுறை எடுத்து, இருமுறையும் வைத்துவிட்டேன். ஓரத்தில் தேதியையும் 'மேலே எட்டுப் பேர்' என்பதையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.