தானே கூடும் எண் தராத உறுதிகள்

உறவுமுறைத் தரவுத்தளத்தில் ஒரு பதிவை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் நெடுவரிசைக்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர். அதன் மதிப்பைத் தரவுத்தளமே ஒவ்வொன்றாகக் கூட்டி வழங்கும் ஏற்பாடு ஆட்டோ இன்கிரிமென்ட் எனப்படுகிறது. 1, 2, 3 என்று எண்கள் ஒழுங்காக விழுவதைக் காணும் நிரலாளர், அவை இடைவெளியின்றித் தொடரும் என்றும், ஒருமுறை வழங்கிய எண் மீண்டும் வராது என்றும் நம்பிவிடுகிறார். இரண்டுமே எல்லாத் தரவுத்தளங்களும் தரும் வாக்குறுதிகள் அல்ல.

இடைவெளிக்குக் காரணம் எளிது. ஒரு பரிவர்த்தனை, அதாவது முழுமையாக நிறைவேறவோ முழுமையாகக் கைவிடப்படவோ வேண்டிய செயல்தொகுதி, பாதியில் ரத்தானாலும் அது பெற்ற எண் திரும்பிச் சேர்வதில்லை. சேர வேண்டுமானால், முன்னதன் முடிவு தெரியும்வரை அடுத்த பரிவர்த்தனை எண் பெறாமல் காத்துக் கிடக்க நேரும்.

எண் மீண்டும் வருவதுதான் உண்மையில் அஞ்சத்தக்கது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி சேமிப்புப் பொறி, 8.0 பதிப்புக்கு முன்புவரை, அடுத்து வழங்க வேண்டிய எண்ணை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. சர்வர் நின்று மீண்டும் இயங்கும்போது அட்டவணையில் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய எண்ணைத் தேடி, அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கியது. ஆகவே 500 வரை நிரம்பிய அட்டவணையில் கடைசிப் பத்துப் பதிவுகளை ஆவணக் காப்பு அட்டவணைக்கு மாற்றி இங்கே நீக்கியபின் சர்வர் மறுதொடக்கம் கண்டால், புதிய பதிவு 491 என்ற எண்ணைப் பெறும். காப்பிலோ அதே எண்ணில் வேறொரு பதிவு ஏற்கெனவே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் எழாமல் இரு வேறு செய்திகள் ஓர் அடையாளத்தைப் பகிர்ந்துகொள்வதால், இக்கோளாறு பல மாதங்கள் கழித்தே வெளிப்படக்கூடும். மைஎஸ்க்யூஎல் பிழைப் பட்டியலில் 199 என்ற எண்ணுடன் 2003இல் பதிவான இக்குறை, 2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. அடிப்படையான ஒரு குறைக்கு இது மிக நீண்ட காத்திருப்பே.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் எண் வழங்கும் சீக்வென்ஸ் தன் நிலையை வட்டில் பதிந்து வைப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆயினும் 41ஐப் பெற்ற பரிவர்த்தனை 42ஐப் பெற்றதற்குப் பின்னர் நிறைவேறலாம் என்பதால், கடைசியாகக் கண்ட எண்ணைவிடப் பெரியவற்றை மட்டும் நகலெடுக்கும் நிரல் இடையே இயங்கினால் 41ஐ ஒருபோதும் காணாது.

இடைவெளியற்ற விலைப்பட்டியல் எண் தேவைப்படுவோர், தனி அட்டவணையில் ஓர் எண்ணியை வைத்து, பட்டியலைப் பதியும் அதே பரிவர்த்தனைக்குள் அதைப் பூட்டிக் கூட்டுவதே முறை. வேகம் குறையும், ஆனால் ஆட்டோ இன்கிரிமென்ட் அப்பணிக்கு உரியதன்று.