கபிலர்க்கு வாய்த்த செவி

தென்பெண்ணையின் நீருக்கும் மணலுக்கும் நடுவே நிற்கிறது கபிலர் குன்று. பறம்பு வீழ்ந்தபின், தந்தையற்ற பாரிமகளிரைக் காத்து அழைத்துவந்த புலவரின் நெடுவழி திருக்கோவலூரில் முடிந்தது. பாரிமகளை மலையனுக்கு அளித்துவிட்டு அவர் அழல் புகுந்தார் என்கிறது கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டு.

நட்பின் கடன் என்பர் ஆன்றோர். நாவல் எழுதியே நரைத்த எனக்கு, அத்தீயில் மற்றொரு துயரும் தெரிகிறது. முந்நூறு ஊரையும் பரிசிலர்க்கு ஈந்த பாரி, கபிலரின் சொல் நாவில் ஈரம் உலராதிருக்கையில் அதைக் கேட்டவனாகவும் இருந்திருப்பான். அவனுக்குப் பின்னும் கபிலர் பாடினார். சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து அவருடையது. ஆனால் அதன் முதற்பாட்டிலேயே, வேற்றரசன் முன் நின்றுகொண்டு, மாண்டுபோன பாரியைப் பேசுகிறார்! எந்த அவையில் நின்றாலும் அவர் பாட்டு அந்த ஒருவனைத் தேடியிருக்கிறது.

பறம்பை இழந்த மகளிர் பாடிய நிலவு, புறநானூற்றின் 112ஆம் பாட்டில் இருக்கிறது. ஐந்தே அடி. அந்நிலவுக்கு அவர்கள் சூட்டிய அடை வெண்மை ஒன்றுதான். குளிர்ச்சி இல்லை, அமுது இல்லை, பாலும் இல்லை. துயரம் மிகுந்தவர்க்கு உவமை தேட நேரம் ஏது?

இதை எனக்குக் காட்டியவன் நீயல்லவா, நண்ப!

கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில், சாமைக்கொல்லையை நோக்கிய உன் திண்ணையில் நான் படிப்பேன், நீ கேட்பாய். கள்ளக்குறிச்சிச் சமவெளியில் எழும் முழுநிலா கிழக்குச் சரிவை முதலில் வெளுப்பிக்கும். முகடு கடந்து உங்கள் பள்ளத்துக்குள் இறங்க அதற்கு நாழிகையாகும். அதுவரை இருட்டில் உன் முகம் தெரியாது. 'அப்புறம்?' என்ற குரல் மட்டும் வரும். அக்குரல் வராத பக்கங்களை மறுநாளே அடித்துவிடுவேன். அச்சேறியபின் ஆயிரவர் படித்தனர், புகழ்ந்தனர், கடிந்தனர். அவர்கள் கைக்குப் போனது முடிந்துபோன நூல். எது நிற்கும், எது உதிரும் என்று நானே அறியாத நாளில் அதனோடு விழித்திருந்தவன் நீ.

கடுக்காய் மரங்கள் காய்த்திருக்கின்றன. கோமுகியில் நீர் வந்திருக்கிறது. மலைக்கு வரும் பேருந்தும் வழக்கம்போல் வருகிறது. உன் திண்ணையில் மட்டும் ஏற எனக்குக் கால் எழவில்லை.

புதிய நாவல் பாதியில் கிடக்கிறது. தொலைந்த மகனைத் தேடிக் கோமுகிக் கரையோடு நடக்கிறாள் ஒரு கிழவி. அவன் அவள் கண்ணில் படவேண்டுமா, படாமலே போகவேண்டுமா? உன்னைக் கேட்டே எழுதுவதென்று இருந்தேன். 'இரு, யோசித்துச் சொல்கிறேன்' என்றாயே, ஐயா! சொல்லாமலே போனாயே!