ஒரு சுற்று அதிகம்

போன மாதம் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி இன்று எழுதுகிறேன். வீட்டில் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொன்னால்தான் மனசு ஆறும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஏர் கன் என்றாலே திருவிழாக் கடைதான் நினைவுக்கு வரும். படுதாவில் வரிசையாகப் பலூன் கட்டியிருப்பான். குழாயை மடக்கி, குண்டைப் போட்டு, நிமிர்த்திச் சுட வேண்டும். மடக்கும்போது உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் சுருங்கும். விசையை இழுத்ததும் அது விரிந்து காற்றை அமுக்கிக் குண்டைத் தள்ளும். அந்தத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங்தான் உயிர்.

என் பேத்தி சுடுவது வேறு ஜாதி. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள், சனி ஞாயிறில் திருச்சிக்குப் போய்ப் பழகுகிறாள். அவள் துப்பாக்கியில் குழாய்க்குக் கீழே ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை முன்கூட்டியே நிரப்பி வைப்பார்கள். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார்தான் என்றால் அளவு புரியும். 10 மீட்டர் தூரத்தில் இலக்கு. அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். பெய்ஜிங்கில் 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதில்தான். அந்தப் பெண்ணின் படத்தைப் பேத்தி தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள்.

நான் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் டீசல் பம்ப் மெக்கானிக்காக முப்பது வருசம் இருந்தவன். இன்ஜெக்டர் நாசிலுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அதற்கு மேல் மெல்லிய வாஷர் ஒன்று வைத்தால் டீசல் பீய்ச்சும் அழுத்தம் ஏறும், எடுத்தால் இறங்கும். அங்கேயும் கணக்கு 200 பார் பக்கம்தான். அந்தத் தைரியத்தில்தான் பேத்தியின் துப்பாக்கியில் கை வைத்தேன்.

அது பழைய துப்பாக்கி. இன்னொருவர் பயன்படுத்தி விற்றதை வாங்கினோம். குண்டின் வேகம் நொடிக்கு 172 மீட்டர் இருக்க வேண்டியது, 160-க்கு இறங்கியிருந்தது. “ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்த்தா, தாத்தா பாத்துக்கிறேன்” என்றேன்.

இந்தத் துப்பாக்கியில் ஸ்பிரிங் குண்டைத் தள்ளுவதில்லை. ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் வேகம் தொட்டியின் உயரத்தில் இருக்கிறது. வால்வைத் திறந்து மூடும் ஆள்தான் ஸ்பிரிங். விசையை இழுத்ததும் அது ஒரு சின்னச் சுத்தியலைத் தள்ளுகிறது. சுத்தியல் வால்வின் தண்டில் அடிக்கிறது. கண் இமைப்பதற்குள் வால்வு திறந்து காற்றை விட்டு மூடிக்கொள்கிறது. சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் ரெகுலேட்டர் ஒன்று உண்டு. சிலிண்டரில் 200 இருந்தாலும் 100 இருந்தாலும் வால்வுக்கு ஒரே அளவு அழுத்தம்தான் அது கொடுக்கும்.

ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கும்போது பலரும் தடுமாறும் இரண்டு விசயங்கள் உண்டு. கம்பியின் கனம் 1 மில்லிமீட்டரிலிருந்து 1.1 ஆனால், மற்ற அளவுகள் மாறாவிட்டாலும், விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அடுத்தது, வளையத்தை வெட்டிக் குட்டையாக்கினால் ஸ்பிரிங் மெதுவாகிவிடும் என்று நினைப்பார்கள். வளையம் குறையக் குறைய ஒவ்வொரு மில்லிமீட்டரும் அமுக்குவதற்கு இன்னும் கடினமாகும். ஆகவே வெட்டக் கூடாது. அதே நீளம், அதே வெளிவட்டம், கம்பி மட்டும் ஒரு நூல் கனமாகப் பார்த்துப் போட்டேன். அதற்கு முன் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே மிச்சமிருந்த காற்றையும் வெளியேற்றினேன். காற்று இருக்கும்போது இதைத் திறப்பது உயிருக்கு ஆபத்து.

பிறகு வேகம் அளக்கும் கருவியை வைத்து, திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்கினேன். 160, 166, 171, 174. அடுத்த அரைச் சுற்றிலும் 174, அதற்கடுத்ததிலும் 174. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ரெகுலேட்டர் கொடுக்கிற அழுத்தத்தில் வால்வு எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்கு மேல் வேகம் வராது. குண்டு வெளியே போன பிறகும் வால்வு மூடாமல் காற்றைக் கொட்டிக்கொண்டிருக்கும். சத்தம்கூடக் கொஞ்சம் கனத்திருந்தது. நானோ, ‘இறுக்கமாக இருப்பது நல்லதுதானே, சீக்கிரம் தளராது’ என்று அந்த ஒரு சுற்றை அப்படியே விட்டுவிட்டேன். பணிமனையில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

பத்து நாளில் போட்டி வந்தது. அறுபது குண்டுகள். முந்தின நாள் பயிற்சி முடிந்து சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்று பார்த்தாள். எப்போதும் அந்த அளவு ஒரு போட்டிக்குத் தாராளமாகப் போதும். அதனால் மறுபடி நிரப்பவில்லை. ஐம்பது குண்டு வரை அவள் சுட்டது இதுவரை சுட்டதிலேயே நல்லது. கடைசிப் பத்தில் காற்று ரெகுலேட்டரின் அளவுக்கும் கீழே போய்விட்டது. குண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. 9.4, 9.1, 8.7. அடுத்த கட்டத்துக்குப் போகும் இடம் கையை விட்டுப் போனது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கந்தர்வகோட்டை தாண்டும் வரை அவள் பேசவில்லை. பிறகு, “கடைசியில கை நடுங்கிருச்சு தாத்தா. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது போல” என்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இருந்தும் வாய் வரவில்லை.

அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் சிலிண்டரை நிரப்பி, எத்தனை குண்டுக்கு எவ்வளவு காற்று இறங்குகிறது என்று எண்ணினேன். திருகை ஒரு சுற்று தளர்த்தி மறுபடி எண்ணினேன். வேகம் அதே 174. செலவான காற்று மூன்றில் இரண்டு பங்குதான். அவள் கை நடுங்கவே இல்லை. என் ஒரு சுற்றுதான் காரணம்.

கணக்கு எழுதிய தாளை அவளிடமே கொடுத்தேன். “உன் கையில குத்தம் இல்லத்தா. தப்பு என்னுது” என்றேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்தாள். கோபம் வருமென்று காத்திருந்தேன். “அப்ப அம்பது குண்டு வரைக்கும் நான் சுட்டது நெசந்தான தாத்தா?” என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றதைவிட, தன் கையை இனி நம்ப முடியாது என்ற நினைப்புதான் அந்தப் பிள்ளையை வாட்டியிருக்கிறது. பஸ்ஸிலேயே நான் வாய் திறந்திருந்தால் ஒரு ராத்திரியாவது மிச்சமாகியிருக்கும்.

இப்போது அவளே திருகைப் பிடிக்கிறாள். வேகம் ஏறுவது எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து கொஞ்சம் பின்னுக்கு. 172-இல் வைத்திருக்கிறோம். பத்துக் குண்டு சுட்டால் ஒன்றுக்கொன்று 2 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வருவதில்லை. வேகம் கூடுவதைவிட ஒரே மாதிரி இருப்பதுதான் இந்த விளையாட்டுக்கு வேண்டும்.

விசயம் தெரிந்து ஊரில் இரண்டு பேர் வந்தார்கள். “அண்ணே, நம்மகிட்ட ஒண்ணு கெடக்கு, கொக்கு முயல் அடிக்கிற மாதிரி டைட் பண்ணிக் குடுங்க” என்றார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டேன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் உரிமம் இல்லாத காற்றுத் துப்பாக்கிக்கு 20 ஜூல் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பேத்தியுடையது 8 ஜூல்கூட வராது. கொக்கையும் முயலையும் சுடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

ஒரு சுற்று கூட முடுக்கினால் நல்லதுதானே என்று பிள்ளைகளின் படிப்பிலும் கல்யாணத்திலும் நாம் எத்தனை முறை கை வைத்திருப்போம்? உங்களுக்கும் அப்படி ஒன்று ஞாபகம் வந்தால், சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிடுங்கள். எழுபது வயசிலும் அதற்கு நேரம் இருக்கிறது.